புடுங்குற வேலை

கொடுங்கையூர் குப்பமேட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடி
தகரக்கூரை குடோன்ல
நாங்க பதினேழு பொம்பளைங்க
குந்திகினு மயிரு புடுங்குறோம்.
சிரிக்காத.
மெய்யாலுமே அதான் வேலை.

சீப்புல வந்தது, செவுத்து ஓட்டைல சொருகி வச்சது,
ஊக்குக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் போட்டது,
எல்லாம் மூட்டை மூட்டையா வந்து எறங்கும்.
சிக்கு எடுக்கணும்.
வேரு ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம்.
பத்து இஞ்சு தனி, பதினாலு தனி,
நரைச்சது தனி, ஈரு கீறது தனி.

சூப்ரவைசர் தயாளன் மொத நாளே சொல்லிட்டான்:
"அந்த வார்த்தைய யாரும் பேசக்கூடாது.
ஹேர்னு சொல்லு, இல்லாங்காட்டி முடின்னு சொல்லு.
டீசன்ட்டா இருக்கணும்."
எப்சிபா கேட்டா:
"தலைல இருந்தா முடி, தரைல வுழுந்தா மயிரு.
இது இன்னா சார், யாரு தலைலயா கீது?"
அவனுக்கு ஒரு மயிரும் புரியல.

எங்க பேட்டைல அது உப்பு மாதிரி,
எதுல போட்டாலும் கரையும்.
கரண்டு போனா மயிரு, வந்தா மயிரு வோல்டேஜ்.
தண்ணி லாரிக்காரன் பெரிய மயிராட்டம் ஹாரன் அடிப்பான்.
ஓட்டு கேட்டு வந்தவன் முதுகு திரும்பினா
இன்னா மயிருக்கு வந்தான்னு கேக்கும் குழாயடி.
என் நாத்தனா மவன் பத்தாவதுல பெயிலு.
மயிரே போச்சுன்னுட்டு கைலிய மடிச்சுக் கட்டினு போனான்.
ராத்திரி மொட்டைமாடில தண்ணி டேங்க் பின்னால
குந்திகினு அழுவுறான்.
மயிர்க்கூச்செறிந்ததுன்னு டீச்சரு போர்டுல எழுதலாமாம்,
பாதிய இவன் சொன்னா முட்டி போடணுமாம்.

குழு லோனுக்கு பேங்குல பாரம்.
"தொழில்?"னாரு கண்ணாடிக்காரரு.
நூர்ஜகான் குனிஞ்ச தலை நிமிராம சொன்னா.
பேனா நின்னுபோச்சு.
"மரியாதையா பேசும்மா."
"மரியாதையாத்தான் சார் செய்றேன், பதினோரு வருசமா."
கடைசீல கைவினைன்னு எழுதிக்கினாரு.

ஒரே ஒரு வாட்டி ஒரு மூட்டைல
மூணடி சடை, பின்னுனது பின்னுனபடி,
நுனில சேப்பு ரப்பர் பேண்டு.
துட்டுக்கு அறுத்ததா, காச்சல்ல எடுத்ததா, தெரியல.
பச்சையம்மா அத கைல வாங்கி
கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு தந்தா.
அத மட்டும் எவளும் அந்தப் பேரு சொல்லி கூப்பிடல.

ஆடி மாசம். கிலோவுக்கு எட்டு ரூவா ஏத்துன்னு கேட்டோம்.
தயாளன் டீசன்ட்டு பறந்துபோச்சு,
மேசையத் தட்னான்:
"முடியாது! நீங்கல்லாம் சேந்து
இன்னா மயிரப் புடுங்கிடுவீங்க?"

குடோன் கம்முனு ஆச்சு.
மேல ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்.
பச்சையம்மா தோளு மொதல்ல குலுங்குச்சு.
அப்பறம் எப்சிபா. அப்பறம் அடக்க முடியல,
வாயில ஒட்டுன இழையத் துப்பித் துப்பி சிரிச்சு,
மடிய ஒதறிட்டு எழுந்தோம்.
"சரி சார். இனிமே புடுங்கல."

மூணு நாளு.
ஹார்பர்ல கன்டெய்னரு வாயப் பொளந்துகினு கெடந்துச்சாம்.
நாலாம் நாளு அஞ்சு ரூவா ஏத்துனான்.
அஞ்சு ரூவா பெரிய மயிராடான்னு திட்டிகினே
எச்சி தொட்டு எண்ணி வாங்குனோம்.

அன்னிக்கு ஊட்டுக்குப் போவ எட்டரை மணி.
நகத்துக்குள்ள, ஜாக்கெட்டு தையல்ல,
பேரு தெரியாத எவளோ ஒருத்தி கூடவே வரா.
கதவாண்ட நின்னு எங்க ஊட்டுக்காரரு கத்துறாரு:
"எந்த மயிருக்குடி இவ்ளோ நேரம்?"

"பதினெட்டு இஞ்சு," ன்னேன்.
"கொஞ்சம் செம்பட்ட. நேத்து வந்த மூட்டை."